ஓடி நின்ற பிறகு

கிரேன்காரர் பதினொரு நாளாக விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக்குத்தான் இன்னும் தெரியாது.

துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் கேபினில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலுக்கும் நடுவே கண்ணாடித் தரை. அதன் வழியாக நாற்பது மீட்டர் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைப்பார். கழுத்துக்கும் கைவிரலுக்கும்தான் வேலை. மேலே போகவும் லிஃப்ட் உண்டு. மற்ற உடம்பு முழுவதும் விடுமுறையில் இருக்கும். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஏணி ஏறிக் காட்ட வேண்டும் என்று இந்த வருடம் புது விதி வந்தது. வழியில் ஐந்து இரும்புத் தட்டுகளைத் தாண்டி, ஒன்பது நிமிடத்துக்குள் கேபின் கதவைத் தொட வேண்டும். தொடாதவருக்கு வாசலில் நாற்காலி. வருகிற லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலை.

"மேலேர்ந்து கப்பலைப் பார்த்தவன், கீழ உக்காந்து லாரி டயரைப் பாக்கறதா?" என்று மைத்துனரிடம் புலம்பியிருந்தார்.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். "கவலையை விடுங்க அத்தான். ரெண்டே வாரம். உங்களைக் குதிரையாக்கிக் காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான். குதிரை ஓடியது. பயிற்சியாளர் மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்து விசில் ஊதினார்.

ஏணிப் பரீட்சை இன்றைக்கு, பதினொரு மணிக்கு.

காலையில் சமையலறையில் நின்றபடியே கிரேன்காரர் டீயைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"எந்த மாதிரி?"

"தூங்காத மாதிரி."

"கேபின்ல ஏசி சரியா ஓடல."

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவள் ஏழு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மகள் அப்படி விடுகிற ஆள் இல்லை. தலை வாரிக்கொண்டே அப்பாவைக் கண்ணாடியில் கவனித்தாள். "கை ஏன் தாடையிலயே இருக்கு?"

"கடைவாய்ப்பல்லு. ரெண்டு நாளா விட்டு விட்டு வலிக்குது."

"டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா."

"காட்டலாம், காட்டலாம்." டீ அப்படியே இருந்தது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

*

மகளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு மாதமாக அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, ஐம்பதைத் தாண்டிய ஆண்களை வரவழைத்து, நகராத சைக்கிள் ஒன்றில் உட்கார வைத்து, முடிந்த மட்டும் மிதிக்கச் சொல்வார்கள். மிதிக்கும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். முடித்த உடனே ஒன்று. அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. அதன் பிறகு எட்டு வாரம் மெல்ல மெல்ல நடக்கப் பழக்கி, மறுபடி அதே சோதனை. வருகிறவர்களின் பெயர் குழாயில் இருக்காது, எண் மட்டும்தான்.

அன்று அவளுக்குக் கிடைத்த வேலை, சென்ற வாரம் தனக்கு விடுமுறையாக இருந்த நாளில், கூட வேலை பார்க்கும் தோழி செய்து வைத்த முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது. பதினாறாம் எண் வரை ஒரே மாதிரி வந்தது. மிதித்து முடித்ததும் ரத்தம் உறையும் வேகம் கூடும். அரை மணியில் இறங்கத் தொடங்கும். பதினேழாம் எண்ணில் அது இறங்கவே இல்லை. முதல் குழாயிலேயே வேகம் அதிகம். இரண்டாவதில் அதற்கு மேல். மூன்றாவதும் அங்கேயே நின்றது.

எண்ணைத் தப்பாக எழுதிவிட்டாளோ என்று தோழியின் குறிப்பை அவள் தேடிக்கொண்டிருந்தபோது, ஆய்வை நடத்தும் பெண் டாக்டர் கையில் ஒரு நீளக் காகிதச் சுருளோடு வேகமாக உள்ளே வந்தார்.

"பதினேழாம் நம்பர் முடிவு வந்தாச்சா?"

"இப்பதான் பாத்துட்டிருக்கேன் டாக்டர். ரொம்பக் கூடுதலா இருக்கு."

டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சுருளை மேஜையில் விரித்தார். சைக்கிள் மிதித்தபோது எடுத்த இதயத் துடிப்பின் கோடு. "மிதிக்கிற வரைக்கும் ஒழுங்காத்தான் இருக்கு. அதனால அன்னைக்கு ஆளை அனுப்பிட்டாங்க. இங்க பாரு. நிறுத்தி மூணாவது நிமிஷத்துல கோடு கீழ இறங்குது. இதயத்துக்குப் போற ரத்தம் எங்கயோ குறையுது. இது யார் கண்ணுலயும் படாம மூணு நாள் அலமாரியில தூங்கியிருக்கு." சுருளைச் சுருட்டினார். "இந்த ஆளை உடனே கூப்பிடணும். அதுவரைக்கும் ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது. நம்பரை எடு."

மகள் படிவத்தைப் புரட்டி எடுத்து, பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பாமல் போன் எண்ணை மட்டும் பார்த்து அழுத்தத் தொடங்கினாள். ஆறு இலக்கம் வரை காகிதத்தைப் பார்த்து அழுத்தினாள். மீதியை விரல் தானாகவே அழுத்திவிட்டது.

அது அவள் மாமாவின் எண்.

"என்னம்மா, ஆஸ்பத்திரி நம்பர்லேர்ந்து கூப்பிடற?" மாமாவின் குரலுக்குப் பின்னால் யாரோ பந்து அடிக்கும் சத்தம்.

"மாமா, பதினேழாம் நம்பர் யாரு?"

மாமா எழுந்து தள்ளிப் போயிருக்க வேண்டும், பந்தின் சத்தம் விலகியது.

"நீங்களா, அப்பாவா?"

"அப்பாதாம்மா. ஏணிப் பரீட்சைக்கு ஒரு ஒத்திகை மாதிரி இருக்கட்டும்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். உனக்கு லீவு இருக்கற நாளாப் பாத்து, என் நம்பரைக் குடுத்து. அன்னைக்கு முழுசா மிதிச்சாரும்மா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"இப்ப அப்பா எங்க?"

"பரீட்சைக்கு முன்னாடி உடம்பு சூடாகட்டும்னு இன்னைக்கு மறுபடி மைதானத்துக்கு வந்து, கடைசியா நாலு சுத்து வேகமா ஓடினாரு. நேரமாச்சுன்னு நின்ன நிலையில வண்டிய எடுத்துட்டு துறைமுகத்துக்குப் போயிட்டாரு. பத்து நிமிஷம் ஆகுது. பதினோரு மணிக்கு ஏறணுமில்ல."

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்தைந்து.

மகள் போனை வைக்கவும் மறந்து டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "பதினேழாம் நம்பர் எங்கப்பா. இப்பதான் ஓடி முடிச்சிருக்காரு. அடுத்தது நாற்பது மீட்டர் ஏணி."

டாக்டர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஆம்புலன்ஸை நான் அனுப்பறேன். நீ ஏணியை நிறுத்து."

அப்பாவின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிரேன் பகுதிக்குள் போகிறவர்கள் போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

*

அம்மாவின் வேலை ஒரு டாக்சி கம்பெனியில் போன் எடுப்பது. ஜன்னல் இல்லாத அறை, தலையில் மாட்டிய போன், எதிரே எட்டு விளக்குகள். எந்த விளக்கு எரிகிறதோ அந்த ஆளுக்கு ஒரு வண்டி அனுப்ப வேண்டும். பிரசவ வலியில் கத்துகிறவர்களிடமும், விமானத்தைத் தவறவிட்டுத் திட்டுகிறவர்களிடமும் அவள் ஒரே குரலில்தான் பேசுவாள். டிரைவர்கள் அவளை 'அக்கா' என்பார்கள்; அவள் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை.

மகள் சொல்லச் சொல்ல அவள் பேனாவை மூடினாள். மூன்றே கேள்வி கேட்டாள்.

"எத்தனை நாளா ஓடறார்?"

"பதினோரு நாளாம்."

"உன் மாமாவுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

"ஏறினா என்ன ஆகும்?"

"தெரியலம்மா. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா ஏறக்கூடாது."

"சரி. போனை வை."

துறைமுக வாசல் காவலருக்கு அவளை நேரில் தெரியாது. குரலைத் தெரியும். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு டாக்சி கேட்டு ஒன்பது வருடமாகப் பேசுகிறவர்.

"சொல்லுங்கக்கா, நான் வண்டி கேக்கலையே."

"கிரேன்ல ஏணிப் பரீட்சை நடக்குதா?"

"ஆமா. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே தொடங்கிட்டாங்க. முதல் ஆளா அந்த இருபத்தாறு வருஷக் கிரேன்காரர் ஏறிட்டிருக்கார். ரெண்டாவது தட்டுல நிக்கறார்."

"அவரைக் கீழேர்ந்து கூப்பிட்டு நிறுத்து."

"கத்தினாலும் கேக்காதுக்கா. பக்கத்துல ரெண்டு கிரேன் ஓடுது."

"உன் அறையில ஒலிபெருக்கி மைக் இருக்கில்ல?"

"அது கப்பல் அறிவிப்புக்கு. மேலதிகாரி எழுத்துல குடுத்தாத்தான்…"

"மைக்கை ஆன் பண்ணி, போனை அதுக்கு முன்னால வை. அங்க நிக்கறது என் வீட்டுக்காரர். எழுதித் தர நேரமில்ல."

காவலரின் நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒரு 'கிளிக்' சத்தம் கேட்டது.

*

இரண்டாவது தட்டில் கிரேன்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே நிறுத்துக் கடிகாரத்தோடு ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று தட்டு. நேரம் தாராளமாக இருந்தது. மைதானத்தில் ஓடியபோது கால் பஞ்சாக இருந்தது. இப்போது ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை. பல்வலி தாடையிலிருந்து இறங்கிக் கழுத்துக்கு வந்திருந்தது. பல் கழுத்தில் வலிக்குமா என்று ஒரு யோசனை வந்தது. அதை உதறிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார்.

அப்போதுதான் துறைமுகம் முழுவதும் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ஏணியில நிக்கறவருக்கு. நான் உங்க வீட்டுக்காரி பேசறேன்."

கப்பல் வருகையையும் போகிற நேரத்தையும் தவிர வேறு எதையும் சொல்லாத ஒலிபெருக்கி. பக்கத்துக் கிரேன் ஒன்று பெட்டியை அந்தரத்தில் நிறுத்தியது. மற்றதும் நின்றது.

"மேல ஏறாதீங்க. அவசரமா இறங்கவும் வேண்டாம். இருக்கற இடத்துலயே கம்பியைப் பிடிச்சுகிட்டு மெதுவா உக்காருங்க. அது பல்வலி இல்ல. பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆளுங்க வந்துட்டிருக்காங்க."

அவருக்கு முதலில் வந்தது அவமானம். கீழே நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று தட்டுதான், தொட்டுவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று அவர் கை அடுத்த கம்பிக்கு நீண்டது.

"உக்காந்தாச்சா?" என்றது ஒலிபெருக்கி, அதே குரலில். "உக்காருங்க. அவங்க வர வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

கிரேன்காரர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்து ஒரு நிமிடம் இருக்காது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி வந்தது. சட்டை நனைந்தது. நின்றுகொண்டிருக்கும்போது இது வந்திருந்தால் என்று நினைத்துக் கீழே பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கையை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

அவரைக் கூடையில்தான் இறக்கினார்கள். பழுது பார்க்கிறவர்கள் மேலே போவதற்கென்று வைத்திருக்கும் இரும்புக் கூடை. அந்தக் கூடையைத் தொங்கவிட்டுப் பக்கத்துக் கிரேனை ஓட்டியவர் அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்தான். இருபத்தாறு வருடமாகப் பெட்டி இறக்கிய மனிதர் அன்று ஒரு பெட்டியைப் போல இறங்கினார். கண்ணை மூடியிருந்தாலும் கணக்கு மட்டும் ஓடியது. காற்று இருக்கிறது, கூடை ஆட வேண்டும், ஆடவில்லை. நன்றாக ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் கதவு மூடும் வரைக்கும் ஒலிபெருக்கியில் மனைவி பேசிக்கொண்டே இருந்தாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள், பேச வேண்டாம் என்றாள், வழியிலிருந்த தன் டிரைவர்கள் ரேடியோவில் சொன்னபடி ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் திரும்பியிருக்கிறது என்று சொன்னாள். கதவு மூடியதைக் காவலர் சொன்ன பிறகுதான் தலையிலிருந்த போனைக் கழற்றினாள். எட்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

*

மாலை ஐந்து மணிக்கு அவரைப் பார்க்க விட்டார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு அடைப்பை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

மைத்துனர் ஒரு மூலையில் நின்றார். கழுத்தில் விசில் இல்லை.

"அத்தான், நான்தான்…"

"விடு. ஓடினது நான்."

பெண் டாக்டர் வந்தார். கட்டிலில் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப ஓடினதே தப்பா டாக்டர்?"

"ஓடினது தப்பில்ல. இருபத்தாறு வருஷத்தைப் பதினோரு நாள்ல ஈடுகட்டப் பாத்தீங்களே, அது தப்பு." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க ரத்தக் குழாய்ல ஒரு இடம் முன்னாடியே குறுகியிருந்தது. பழக்கமில்லாத உடம்பை மூச்சு முட்ட ஓட்டினா, ரத்தம் எங்கயோ காயம் பட்டிருக்குன்னு நினைச்சு உறையத் தயாராயிடும். உறைஞ்சதைக் கரைக்கற வேலையும் உடம்புல கூடவே நடக்கும். சிக்கல் எங்கன்னா, நீங்க நின்னதும் கரைக்கறது சட்டுனு குறைஞ்சிடும். உறையறது அவ்வளவு சீக்கிரம் குறையாது. அந்த இடைவெளியிலதான் நீங்க ஏணி ஏறினீங்க."

"தினமும் ஓடறவங்களுக்கு?"

"தினமும் அளவா நடந்து பழகினவங்க ரத்தம் இப்படிப் பதறாது. இதயமும் பதறாது. நீங்களும் நடக்கத்தான் போறீங்க. முதல் வாரம் இந்த வராந்தா மட்டும். நடந்து முடிக்கும்போது பட்டுனு நிக்காம, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்."

"கிரேன்?"

"அதை மூணு மாசம் கழிச்சுப் பேசுவோம்" என்று எழுந்துகொண்டார்.

மனைவி போர்வையின் நுனியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் போன பிறகு கிரேன்காரர் மெதுவாகச் சொன்னார்: "திட்டறதா இருந்தா திட்டிடு. இப்படிச் சும்மா இருக்காத."

"ஊர்ல எந்த வண்டி எந்தத் தெருவுல நிக்குதுன்னு சொல்றது என் வேலை" என்றாள். "என் வீட்டுக்காரர் பதினோரு நாளா எங்க இருந்தார்னு எனக்குத் தெரியல. இன்னைக்கு நான் என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகமில்ல. நீங்க சொல்லியிருக்கலாம்."

"பயந்துடுவன்னுதான்."

"பயந்தா என்ன? பயந்துகிட்டே கூட வந்திருப்பேன்."

அவர் கட்டுப் போடாத கையை நீட்டினார். அவள் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்துக்கொண்டாள். "இனிமே உடம்புக்கு எதுன்னாலும் சொல்லணும். பல்லு வலிச்சாக்கூட."

"சொல்றேன்."

நர்ஸ் வந்து, பார்க்கிற நேரம் முடிந்தது என்றாள். மைத்துனர் மாத்திரை வாங்கக் கீழே போனார். அம்மா எழுந்தாள். எழும்போது கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை மகள் பார்த்தாள். வராந்தாவில் நான்கு அடி நடப்பதற்குள் இன்னொன்றையும் பார்த்தாள்: அம்மா வலது காலை முழுதாக ஊன்றவில்லை.

"கால் என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. உக்காந்தே இருக்கறதுல வீங்கும். ரெண்டு பேர் லீவு, நாலு நாளா டபுள் ஷிப்ட்."

"ரெண்டு காலுமா?"

"இது மட்டும்தான்."

மகள் அங்கேயே தரையில் மண்டியிட்டாள். வலது காலணியின் வார் கடைசித் துளையில்கூட மாட்டாமல் திறந்து கிடந்தது. இடது கெண்டைக்காலைத் தன் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. வலது காலைப் பிடித்தாள், தொடவில்லை. அந்தக் கால் சூடாக இருந்தது; காலில் உறைகிற ரத்தம் நுரையீரல் வரை போய்விடும் என்று கூடத்தில் கேட்டது நினைவுக்கு வந்தது. தொட்டதும் அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு? ஏன் சொல்லல?"

அம்மா கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கிரேன்காரர் கண்ணை மூடியிருந்தார். "மூணு நாளா. மெதுவாப் பேசு. அவர் காதுல விழப்போகுது. முதல்ல அவர் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." பேச்சின் நடுவே நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வாயால் காற்றை இழுத்தாள்.

"மூச்சு ஏன் இப்படி வாங்குது?"

"மாடி ஏறி வந்ததுல இருக்கும்."

மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நாம லிஃப்ட்லதான்மா வந்தோம்."